போர்க்கப்பல் மாடல்களைத் துல்லியமாகக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களிலும் கடலில் இறங்கிய கப்பல்களை ஸ்கேல் மாடலாகக் கட்ட விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கிட் பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் துல்லியமான மாடல் கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்காது. பெட்டியின் மேல் கப்பலின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஆனால் போர்க்காலக் கப்பல் மாதத்துக்கு மாதம் மாறியது. ரேடார் ஏறியது, பீரங்கி இறங்கியது, ஜன்னல்களை மூடினார்கள், நிறத்தை மாற்றினார்கள். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கப்பல் என்பதை மட்டுமல்ல, அந்தக் கப்பலின் எந்த நாள் என்பதையும்தான். தேதியைக் குறித்துக்கொள்ளாமல் ஒரு துண்டைக்கூட வெட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற பதில்கள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 மே மாதம் அது புறப்பட்டபோது பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைச் சாய்கோடுகள் இருந்தன. மே 21 அன்று நார்வேயின் கிரிம்ஸ்டாட் ஃபியோர்டில் நங்கூரமிட்டிருந்தபோது அவற்றின் மேல் சாம்பல் நிறத்தைப் பூசினார்கள். மூன்று நாள் கழித்து பிரிட்டிஷ் கப்பலான ஹூட்டைச் சுட்டபோது அந்தக் கோடுகள் இல்லை. கோடுகளோடு பிஸ்மார்க்கைக் கட்டி, அதே மேடையில் வெடித்துச் சிதறும் ஹூட்டையும் வைத்தால் இரண்டு வெவ்வேறு நாட்களை ஒட்டவைத்ததாக ஆகிவிடும்.

ஜப்பானின் பெரும்போர்க்கப்பல் யமாட்டோ 1941 டிசம்பரில் பணிக்கு வந்தபோது 15.5 செ.மீ. மூன்று குழல் பீரங்கிக் கோபுரங்கள் நான்கு இருந்தன. 1944 தொடக்கத்தில் பக்கவாட்டுக் கோபுரங்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிரப்பினார்கள். 1945 ஏப்ரல் 7 அன்று மூழ்கிய யமாட்டோவின் நடுப்பகுதி முட்புதர் போலப் பீரங்கிக் குழல்களால் அடைந்து கிடந்தது. ஒரே பெயர், ஆனால் மாடலில் இரண்டும் வெவ்வேறு கப்பல்கள்.

முதல் உலகப் போரின் எம்டன் இன்னும் சுவாரஸ்யமானது. சமாதான காலத்தில் வெள்ளையாக இருந்த அந்த ஜெர்மானிய குரூசர் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. அதற்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். பிரிட்டிஷ் குரூசர் போலத் தெரிய வேண்டும் என்று நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்துவைத்துக்கொண்டார்கள். 1914 அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் அது நுழைந்தது அந்த வேஷத்தில்தான். அந்தக் காலையைக் கட்டுகிறீர்கள் என்றால் நான்கு புகைபோக்கி வைப்பதுதான் சரி.

முதல் மாடலுக்கு எந்த ஸ்கேல் நல்லது?

பிளாஸ்டிக் கிட் உலகில் 1/700, 1/350 இரண்டும்தான் அதிகம் கிடைப்பவை. 1/700 பிரபலமானதற்கு ஒரு காரணம் உண்டு. 1971-இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனங்களான டமியா, அவோஷிமா, ஹசேகவா, ஃபுஜிமி நான்கும் கப்பல்களைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டு, நீர்மட்டக் கோட்டுக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் கொண்ட ஒரு வரிசையை ஆரம்பித்தன. அதனால் ஒரே ஸ்கேலில் ஒரு முழுக் கடற்படையையே அடுக்கிவைக்க முடிந்தது.

263 மீட்டர் யமாட்டோ 1/700-இல் சுமார் 37.6 செ.மீ., 1/350-இல் 75 செ.மீ., 1/200-இல் 1.3 மீட்டருக்கு மேல். இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

என் யோசனை: பெரும்போர்க்கப்பலோடு ஆரம்பிக்காதீர்கள். 1/350-இல் ஒரு ஃப்ளெட்சர் வகை அமெரிக்க நாசகாரிக் கப்பலை எடுங்கள். 33 செ.மீ.தான் வரும். ஐந்து தனிக் கோபுரங்கள், இரண்டு புகைபோக்கிகள், டார்பிடோ குழாய்கள் என எல்லாம் இருக்கும், ஆனால் எண்ணிக்கை கைக்கு அடங்கும். மொத்தம் 175 கப்பல்களைக் கட்டினார்கள். புகைப்படங்கள் ஏராளம். முதல் கப்பலை முடித்துப் பார்ப்பது முக்கியம். பாதியில் நிற்கும் யமாட்டோ எதையும் கற்றுத்தராது.

புகைப்படம், வரைபடம், கிட் மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

தேதி தெரிந்த புகைப்படம்தான் முதலில். அடுத்தது கப்பல் கட்டிய தளத்தின் வரைபடம். பிற்காலத்தில் யாரோ வரைந்த வரைபடம் அதற்கும் அடுத்தது. கிட் கடைசி.

புகைப்படத்தை நம்பலாம் என்றாலும் அதன் கீழே எழுதியிருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். கப்பலே தேதியைச் சொல்லும். எந்த ரேடார் இருக்கிறது, படகுகள் எங்கே இருக்கின்றன, உடலின் வெளியே கேபிள் ஓடுகிறதா என்று பாருங்கள். உதாரணமாக, 1939 நவம்பரில் ஜெர்மானியக் காந்தக் கண்ணிவெடி ஒன்று ஷூபரினஸ் கடற்கரையில் முழுசாக பிரிட்டிஷாரிடம் சிக்கியது. அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் கப்பலின் காந்தத் தன்மையை அடக்கும் கேபிளைச் சுற்றும் வேலை பெரிய அளவில் நடந்தது. 1940-இலிருந்து பல பிரிட்டிஷ் கப்பல்களின் பக்கவாட்டில் அந்தக் கேபிள் தடிமனாகத் தெரியும். அது இருக்கும் படத்துக்கு "1938" என்று குறிப்பு எழுதியிருந்தால் குறிப்புதான் தப்பு.

வரைபடத்திலும் இரண்டு வகை உண்டு. கட்டும் முன் வரைந்தது ஒன்று, கட்டி முடித்த நிலையைப் பதிவு செய்தது இன்னொன்று. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு இப்படிப்பட்ட வரைபடங்கள் லண்டனின் தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பிற்கால மாற்றங்களை அதே தாளில் வேறு நிற மையில் குறித்திருப்பார்கள். கறுப்பு வெள்ளை நகலில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகிவிடும் என்பதால், முடிந்தவரை வண்ண நகலாக வாங்குங்கள்.

ஜப்பானியக் கப்பல்களுக்கு நிலைமை கஷ்டம். சரணடையும் நேரத்தில் ஏராளமான ஆவணங்களை எரித்துவிட்டார்கள். யமாட்டோ பற்றிய பல விவரங்கள் கடலடிச் சிதைவை ஆராய்ந்த பிறகுதான் திருந்தின. முன்முனையில் இருந்த செவ்வந்தி முத்திரையின் விட்டம் 1.5 மீட்டர் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1999 ஆய்வுக்குப் பிறகு அது 1 மீட்டர் என்று ஆனது. 1/350-இல் 4.3 மி.மீ.க்கும் 2.9 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் அது. கப்பலின் முகத்தையே மாற்றிவிடும். குரே நகரில் 2005-இல் திறந்த அருங்காட்சியகத்தில் 26.3 மீட்டர் நீளத்தில் 1/10 யமாட்டோ நிற்கிறது. இந்தக் கப்பலைக் கட்டுகிறவர்கள் அதன் படங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அருங்காட்சியகமாக நிற்கும் கப்பலை அளந்து கட்டினால் தப்பு வராதே?

வரும். லண்டனில் நிற்கும் பிரிட்டிஷ் குரூசர் பெல்ஃபாஸ்ட் நல்ல உதாரணம். அதன் மேல் இருப்பது 1942–44 காலத்து உருமறைப்பு நிறம். ஆனால் 1956–59 புனரமைப்பில் அதன் பாலத்தை (கப்பலை நடத்தும் கட்டளை மேடையை) மாற்றிக் கட்டினார்கள், பழைய முக்காலிக் கொடிமரங்களை எடுத்துவிட்டுச் சட்டகக் கொடிமரங்களை வைத்தார்கள். அதாவது உடம்பு ஒரு காலம், உடை இன்னொரு காலம்.

இருந்தாலும் நேரில் பார்ப்பதற்கு ஈடே இல்லை. கதவின் கீல் எப்படி இருக்கும், தகடுகள் எப்படி ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும், நங்கூரச் சங்கிலி எங்கே தளத்தைத் தேய்க்கும் என்பதையெல்லாம் வரைபடம் சொல்லாது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நிற்கும் சாக்வில்தான் மிஞ்சியிருக்கும் ஒரே ஃப்ளவர் வகை கார்வெட் (சிறு காவல் போர்க்கப்பல்). அதை 1944-இல் இருந்த நிலைக்கே மீட்டிருக்கிறார்கள். அந்த வகைக் கப்பலைக் கட்டுகிறவர்களுக்கு அது பொக்கிஷம்.

கிட்டின் அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நான்கு இடங்களை அளந்தால் போதும்: மொத்த நீளம், அதிகபட்ச அகலம், முதல் கோபுரத்தின் மையத்திலிருந்து கடைசிக் கோபுரத்தின் மையம் வரை உள்ள தூரம், நீர்மட்டத்திலிருந்து முன்முனைத் தளத்தின் உயரம். நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. மொத்த நீளம், நீர்மட்ட நீளம், செங்குத்துகளுக்கு இடைப்பட்ட நீளம் என்று மூன்று எண்கள் புத்தகங்களில் புழங்கும். எந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

நீளத்தில் 1 சதவீதம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. விட்டுவிடுங்கள். முன்முனையின் வளைவு தப்பாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனாலும் செய்யுங்கள்.

வரைபடத்தை நகலெடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. நகல் இயந்திரம் நீளவாக்கில் ஒரு அளவும் அகலவாக்கில் இன்னொரு அளவும் இழுத்துவிடக்கூடும். பழைய தாள் சுருங்கியும் இருக்கும். வரைபடத்திலேயே அச்சிட்ட அளவுகோலை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

போட்டோ எட்ச் பித்தளைத் துண்டுகள் கட்டாயம் வேண்டுமா?

மெல்லிய பித்தளைத் தகட்டை ரசாயனத்தால் அரித்து வெட்டியெடுத்த துண்டுகள் இவை. கைப்பிடிக் கம்பி, ரேடார், ஏணி, கிரேன் ஆகிய நான்குக்கும் வேண்டும். பிளாஸ்டிக் அச்சில் அவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாது. ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி 1/350-இல் 2.9 மி.மீ., 1/700-இல் 1.4 மி.மீ. அதில் மூன்று கம்பி ஓட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் பித்தளையில் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. எட்ச் தகடு தட்டையானது. பீரங்கிக் குழலும் படகின் துடுப்பும் உருண்டையாக இருக்க வேண்டியவை. குழல்களுக்குக் கடைந்தெடுத்த பித்தளை நல்லது. 20, 25 மி.மீ. துப்பாக்கிகளுக்கு இப்போது வரும் 3டி பிரிண்ட் துண்டுகள் எட்சைவிட எவ்வளவோ மேல்.

முழுக் கப்பலையும் 3டி பிரிண்ட் செய்துகொள்ளலாமா?

செய்யலாம். ரெசின் பிரிண்டரில் அடுக்குக் கோடுகள் குறைவு, தேய்த்தால் போய்விடும். ஆனால் கோப்பை வரைந்தவர் எந்தத் தேதியை மனதில் வைத்தார் என்று கேளுங்கள். விளையாட்டுகளுக்காகச் செய்த கோப்புகளில் உடலின் வளைவுகள் சுமாராகத்தான் இருக்கும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கழுவாத, முழுசாக இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடவே கூடாது.

நிறம்தான் பெரிய குழப்பமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாட்டிலிருந்தும் தேதியிலிருந்தும். அமெரிக்கக் கடற்படை உருமறைப்புகளுக்கு எண் கொடுத்திருந்தது. "மெஷர் 22" என்றால் உடலின் கீழ்ப்பகுதி நேவி ப்ளூ, மேலே வெளிர் ஹேஸ் கிரே, தளங்கள் டெக் ப்ளூ. இரண்டு நிறமும் சேரும் கோடு தளத்தின் வளைவோடு போகாது. தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரத்தில், நீர்மட்டத்துக்கு இணையாக நேராக ஓடும். முன்முனையில் தளம் மேலேறுவதால் அங்கே ஹேஸ் கிரே ஒரு முக்கோணமாகத் தெரியும். பல மாடல்களில் இந்தக் கோடு தளத்தின் விளிம்போடு வளைந்து போவதைப் பார்க்கலாம். அது தவறு.

ஜப்பானில் குரே, சசெபோ, மைஸுரு, யோகோசுகா ஆகிய நான்கு கடற்படைத் தளங்களும் தனித்தனிச் சாம்பல் நிறம் பூசின. அதனால் கப்பல் கடைசியாக எங்கே பழுதுபார்க்கப்பட்டது என்று தேட வேண்டும். பிரிட்டனில் 507ஏ, 507பி, 507சி என்று அடர்த்தியிலிருந்து வெளிர் வரை மூன்று சாம்பல்கள். மூழ்கிய நாளில் ஹூட் பூண்டிருந்தது நடுவில் உள்ள 507பி. அட்லாண்டிக்கில் கான்வாய்களை (கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல்களை) காத்த கப்பல்களுக்கோ வெள்ளையும் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும். காட்டுப் பறவைகளை ஓவியமாக வரைந்து பழகிய பீட்டர் ஸ்காட் என்ற அதிகாரி உருவாக்கிய திட்டம் அது. மேகமூட்டமான வானத்தின் முன் கறுப்பைவிட வெள்ளைதான் மறையும் என்பதை அவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தார்.

கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். அன்றைக்குப் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். அடர் நீலக் கப்பல் அந்தப் படத்தில் வெளிர் சாம்பலாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

அப்புறம், அசல் நிறத்தின் மாதிரித் துண்டை வைத்துப் பொருத்திய பெயின்டை அப்படியே பூசினால் மாடல் கருத்துத் தெரியும். பெரிய கப்பலைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடையில் உள்ள காற்று நிறத்தை வெளுக்கவைக்கிறது. மேசை மேல் இருக்கும் மாடலுக்கு அந்தக் காற்று இல்லை. 1/350-க்குக் கொஞ்சம், 1/700-க்கு இன்னும் கொஞ்சம் வெளிர் சாம்பலைக் கலந்துகொள்ளுங்கள். எவ்வளவு என்பதற்கு ஃபார்முலா சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ணைத்தான் நம்புவேன்.

மரத்தளத்துக்கு ஒட்டுத்தாளாக வரும் அசல் மரத்தை வாங்கலாமா?

அளவைப் பாருங்கள். 15 செ.மீ. அகலப் பலகை 1/350-இல் 0.43 மி.மீ., 1/700-இல் 0.2 மி.மீ. ஒட்டுத்தாளில் பலகைகள் இதைவிடப் பெரிதாக இருந்தால் வேண்டாம். நிறமும் முக்கியம். கழுவித் தேய்த்த தேக்குத் தளம் வெயிலிலும் உப்பிலும் சாம்பல் கலந்த வெளிர் நிறத்துக்குப் போய்விடும். போர்க்கால அமெரிக்கக் கப்பல்களில் தேக்கு தெரியவே தெரியாது, நீலச் சாயம் ஏற்றிவிட்டார்கள். ஜப்பானிய குரூசர்கள், நாசகாரிகள் பலவற்றில் தளத்தின் மேல் லினோலியம் என்ற செம்பழுப்புத் தரைவிரிப்பை விரித்து, இணைப்புகளைப் பித்தளைப் பட்டியால் பிடித்திருந்தார்கள். மரம் ஒட்டுவதற்கு அங்கே இடமே இல்லை.

துரு எவ்வளவு காட்டலாம்?

ஒரு கணக்கு போடுங்கள். 1/700-இல் ஒரு மில்லிமீட்டர் அகலத் துருக்கோடு, நிஜக் கப்பலில் 70 செ.மீ. அகலம். தகடுகளின் இணைப்புக்கும் இதே கணக்குதான். 20 மி.மீ. தகட்டின் விளிம்பு 1/350-இல் 0.06 மி.மீ.கூட வராது, ஆனால் சில கிட்களில் அதைப் பல மடங்கு தடித்து வார்த்திருக்கிறார்கள். தேய்த்து மட்டுப்படுத்துங்கள்.

பெரும்போர்க்கப்பல்களில் பெயின்ட் அடிக்க ஆள் பலம் இருந்தது. நங்கூரத் துளையின் கீழே, கழிவுநீர்க் குழாயின் கீழே மெல்லிய கறை போதும். குளிர்கால அட்லாண்டிக்கில் மாதக்கணக்கில் அடிபட்ட கார்வெட் என்றால் தாராளமாகக் காட்டலாம். அதற்குப் புகைப்படச் சாட்சி நிறையவே இருக்கிறது.

கயிறுகளுக்கும் ஆண்டெனாக்களுக்கும் எதைப் பயன்படுத்துவது?

12 மி.மீ. கம்பிக்கயிறு 1/350-இல் 0.034 மி.மீ. தலைமுடியைவிட மெல்லிசு. சூட்டில் இழுத்த பிளாஸ்டிக் இழையும், மீள்தன்மை உள்ள லைக்ரா நூலும்தான் இதற்குச் சரிவரும். லைக்ரா நூல் கை பட்டாலும் அறுந்துவிடாமல் திரும்ப நேராகும். கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் எடுங்கள். கப்பலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டிக்கொண்டு போனால் கை இடிக்காது.

கொடி எங்கே பறக்க வேண்டும்?

முன்முனைக் கம்பத்தில் பறக்கும் சிறு கொடி நங்கூரமிட்ட கப்பலுக்கு உரியது. கடலைக் கிழித்துக்கொண்டு ஓடும் மாடலில் அதை வைக்காதீர்கள். ஓடும் கப்பலில் அந்தக் கம்பமே பெரும்பாலும் மடங்கியிருக்கும். தேசியக் கொடியும் துறைமுகத்தில் பின்முனைக் கம்பத்தில், கடலில் பெரும்பாலும் கொடிமரத்தில். வெளியே இறக்கிய ஏணி, விரித்த வெயில் துணி, நீட்டிய படகுக் கம்பு எல்லாம் துறைமுகத்துக்கு மட்டும்தான்.

கடலையும் சேர்த்துச் செய்ய ஆசை. அலைகளை எப்படி அமைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் அலைக்கு ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கைப் பின்பற்றினால் கப்பலின் வேகம் பார்த்தவுடனே தெரியும்.

கப்பல் தன் ஓட்டத்தில் எழுப்பும் குறுக்கலையின் நீளம் வேகத்தைப் பொறுத்தது. 15 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) சுமார் 38 மீட்டர், 20 நாட்டில் 68, 25 நாட்டில் 106, 30 நாட்டில் 152. சரி, 115 மீட்டர் நீள ஃப்ளெட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நாட்டில் அதன் பக்கவாட்டில் மூன்று அலை முகடுகள் தெரியும். 25 நாட்டில் முன்னால் ஒரு முகடு, பின்முனைக்கு அருகே ஒரு முகடு, நடுவில் நீர் பள்ளமாக இறங்கி அடிப்பாகத்தின் சிவப்புகூட எட்டிப் பார்க்கும். 30-ஐத் தாண்டினால் பின்முனை தண்ணீருக்குள் அமர்ந்து முன்முனை தூக்கும். பிஸ்மார்க் போன்ற நீளக் கப்பலோ அதே 30 நாட்டில் ஒன்றரை அலை நீளத்தின் மேல் ஓடும். சிறிய கப்பலுக்குச் செய்த அலையைப் பெரியதற்கு நகலெடுத்தால் பொருந்தாது என்பது இதனால்தான்.

கப்பலின் பின்னால் விரியும் V வடிவ அலையின் கோணம், ஆழ்கடலில் கப்பலின் திசையிலிருந்து இரு பக்கமும் சுமார் 19.5 பாகை. அதிகமாக விரித்துவிடாதீர்கள். பின்முனையிலிருந்து நீளும் வெண்ணுரைப் பாதை இதைவிட மிகக் குறுகலானது. அதன் ஓரங்கள் வெளிர் பச்சையாக இருக்கும்.

பொருள் என்று பார்த்தால், ஸ்டைரோஃபோம் பலகையில் அலையைச் செதுக்கி, மெல்லிய தாளைப் பசையால் ஒட்டி, பெயின்ட் அடித்து, மேலே பளபளப்பான அக்ரிலிக் ஜெல் பூசினால் போதும். கடலின் நிறத்துக்கு ஒரே நீலத்தை நம்ப வேண்டாம். வடக்கு அட்லாண்டிக் பச்சை கலந்த சாம்பல், திறந்த பசிபிக் ஆழ்ந்த நீலம்.

மாலுமி உருவங்களை வைக்கலாமா?

வைத்தால் கப்பலின் அளவு சட்டென்று புரியும். 1/350-இல் ஒரு ஆள் 5 மி.மீ. ஆனால் பெரிய பீரங்கிகள் சுடும் காட்சியில் திறந்த தளத்தில் ஆட்களை நிறுத்தாதீர்கள். குழல்வாயிலிருந்து கிளம்பும் அதிர்வு அருகில் நிற்பவரைக் கொல்லும். அந்த நேரத்தில் எல்லோரும் கவசத்துக்குப் பின்னால்தான் இருப்பார்கள்.

தண்ணீரில் ஓட்டும் மாடலாகவே செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எடையை முதல் நாளிலேயே கணக்கிட வேண்டும். நீளம் ஸ்கேல்படி குறையும், எடையோ ஸ்கேலின் முப்படிப்படி குறையும். 2,500 டன் நாசகாரி 1/96-இல் 1.2 மீட்டர் நீளம், ஆனால் மொத்த எடை 2.8 கிலோதான் இருக்க வேண்டும். மோட்டார், பேட்டரி, உடல், பீரங்கி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மேல்கட்டுமானத்தை எவ்வளவு லேசாகச் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது, காற்று ஸ்கேல்படி குறைந்து வீசாது. வேகம் ஸ்கேலின் வர்க்கமூலப்படி குறையும். 35 நாட் கப்பலின் மாடல் விநாடிக்கு 1.8 மீட்டர் போனால் அலைகள் நிஜம் போலவே எழும். அதற்கு மேல் போனால் ஸ்பீட் போட் போலத் தெரியும்.

முடித்த மாடலை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடிப் பெட்டிக்குள், வெயில் படாத இடத்தில். பெட்டியின் அடித்தளத்துக்கு ஓக் மரமும் எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தைத் தின்னும். ஈயம் கலந்த வார்ப்புத் துண்டுகள் வெள்ளைப் பொடி பூத்து உதிர்ந்துவிடும். பழைய மாடல்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களே போராடும் பிரச்சினை இது. அக்ரிலிக் அல்லது உலோக அடித்தளம் நல்லது. காற்று நுழைய ஒரு சிறு இடைவெளி விட்டு, அதைத் தூசி வடிகட்டும் துணியால் மூடுங்கள். பெட்டியின் அடியில் கப்பலின் பெயரையும், நீங்கள் கட்டிய அந்தத் தேதியையும், எந்தப் புகைப்படத்தை நம்பி எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அதே கப்பலைக் கட்ட வருகிறவர் உங்கள் வேலையிலிருந்து தொடங்கலாம்.